பச்சை டேக்

"யார் தொட்டது?"

கடைக்கு எந்தக் கம்ப்யூட்டர் வந்தாலும் மெக்கானிக் கேட்கிற முதல் கேள்வி அதுதான். பாதிக் குற்றம் அங்கேயே வாடிக்கையாளர் தலையில் இறங்கிவிடும். மீதியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

"வேற யாரு? இவர்தான்," என்றாள் அந்தப் பெண். கம்ப்யூட்டர் பெட்டியைச் சுமந்து வந்த கணவன் பக்கத்தில் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தான்.

அவள் வீடியோ எடிட்டர். சாயங்காலத்துக்குள் ஒரு விளம்பரப் படத்தை முடித்துக் கொடுக்க வேண்டும். காலையில் பொசுங்கும் வாடை வந்து திரை இருண்டுவிட்டது. இன்று தராவிட்டால் கம்பெனி வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளும் என்பதை உட்காருவதற்கு முன்பே இரண்டு தடவை சொல்லிவிட்டாள்.

"பெட்டியோட கண்ணாடியைத் துடைச்சேன். அவ்வளவுதான்," என்றான் கணவன்.

"எல்லாரும் இப்படித்தான் சொல்வாங்க சார்." மெக்கானிக் பெட்டியை உள்மேசைக்கு எடுத்துப் போய்ப் பக்கவாட்டுக் கண்ணாடியைக் கழற்றினான்.

கிராபிக்ஸ் கார்டுக்குக் கரண்ட் கொடுக்கும் பிளக் ஒரு ஓரமாக உருகிக் கருகியிருந்தது. 'டிக்'கென்று முழுசாக உட்கார வேண்டிய பிளக் அது. நூலளவு வெளியே வந்து நின்றது. அந்த நூலளவு போதும், சூடேறிப் பொசுங்கிவிடும்.

யார் இழுத்தது என்று குனிந்து பார்த்தான்.

அந்த வயரை ஓரத்தோடு இழுத்துக் கட்டியிருந்தது ஒரு பச்சை பிளாஸ்டிக் டேக். இந்தக் கம்ப்யூட்டரைக் கட்டிக் கொடுத்தபோது இவன் போட்டது. இவன் கட்டித் தரும் கம்ப்யூட்டரில் ஒரு வயர்கூடத் தொங்காது, எல்லாம் பச்சை டேக்கில் விறைப்பாக நிற்கும். கடைக்குப் பெயரே அதனால்தான். ஆனால் அந்த டேக்கை வெட்டாமல் கழற்ற முடியாது. யாரும் வெட்டியிருக்கவில்லை. அப்படியென்றால் இவனுக்குப் பிறகு யாரும் தொடவும் இல்லை. அழகாக இருக்கட்டுமென்று இவன் இறுக்கிய இறுக்கில் பிளக் விலகியிருக்கிறது.

கை தானாகக் கட்டரை எடுத்தது. டேக்கை வெட்டிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

"பிளக் விலகியிருக்கு மேடம். யாரோ வயரை இழுத்திருக்காங்க," என்றான், திரும்பாமலே.

அவ்வளவுதான், அவள் கணவனைப் பிடித்துக்கொண்டாள். இனி என் அறை வாசப்படியை மிதிக்கக் கூடாது, இன்றைக்கே பூட்டு போடப் போகிறேன், நீங்கள் உபகாரம் செய்யாமல் இருந்தாலே போதும் என்று கடையென்றும் பார்க்காமல் வாங்கு வாங்கென்று வாங்கினாள்.

கணவன் மெக்கானிக்கின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, "ஆமா, நான்தான் இழுத்துட்டேன் போல. விடு," என்றான்.

மெக்கானிக்குக்கு நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். இருப்புக்கொள்ளவில்லை. ஒரே ஸ்க்ரூவை மறுபடி மறுபடி கீழே போட்டுத் தேடினான். செய்யாததை எதற்கு இந்த மனுஷன் ஒப்புக்கொள்கிறான்?

நல்லவேளையாகக் கார்டு தப்பியிருந்தது. புது வயர் மாட்டியதும் திரை வெளிச்சமானது. கம்பெனிக்குச் சொல்ல அவள் போனோடு வாசலுக்குப் போனாள்.

கணவன் மெல்ல மேசையருகே வந்தான்.

"கிளம்பும்போதே கண்ணாடி வழியா பார்த்தேன். பச்சை டேக் முழுசா இருந்துச்சு. இப்ப அதைக் காணோம்."

மெக்கானிக்கின் கை சட்டைப் பைக்குப் போனது.

"அவளுக்குத் தெரிஞ்சா ஊரெல்லாம் சொல்லிடுவா, உங்க பொழப்பு போயிடும். எனக்குத் திட்டு பழக்கம்தான். ஆனா இதே மாதிரி இறுக்கிக் கட்டிக் கொடுத்திருப்பீங்களே, அந்த வீடுகளுக்கு முதல்ல போயிட்டு வாங்க. அங்கயும் யாராவது பாவம், திட்டு வாங்கிட்டு இருப்பாங்க."

அவள் திரும்பி வந்தாள். இனி இவரைத் தொட விடமாட்டேன், கவலைப்படாதீர்கள் என்று மெக்கானிக்குக்கு உறுதி வேறு கொடுத்தாள்.

மெக்கானிக் சட்டைப் பையிலிருந்து பச்சைத் துண்டை எடுத்து அவள் முன்னால் வைத்தான்.

"சார் கண்ணாடியைத் துடைச்சார், அவ்வளவுதான் மேடம். தொட்டது நான்."