எழுதாத காசோலை

காசோலைப் புத்தகத்தை மூடி, மேசையின் மறுபக்கத்துக்குத் தள்ளினாள் பாப்பா.

"எழுதிக் கொண்டாங்கண்ணே. யாருக்கு, எதுக்குன்னு பார்த்துட்டு அப்புறம் கையெழுத்து போடுறேன்."

கீழே சாப்பாட்டுக் கடையில் யாரோ தே தாரேக் தேநீருக்குக் குரல் கொடுப்பது மாடி அறைவரை கேட்டது.

மருத்துவமனைத் துப்புரவுத் தொழிலாளர் சங்கத்தின் ஈப்போ கிளை அது. பாப்பா பொருளாளர். தலைவர் சீனி, செயலாளர் கார்த்திகேசு, அவள் என மூன்று பேரும் கையெழுத்திட்டால்தான் வங்கியில் பணம் எடுக்க முடியும். ஷிப்டு வேலைக்காரர்கள் ஒன்றாகக் கிடைப்பது கஷ்டம். அதனால் பெயரும் தொகையும் எழுதாத காசோலைகளில் முன்கூட்டியே கையெழுத்துப் போட்டு, கார்த்திகேசுவிடம் கொடுத்துவிடுவது வழக்கம்.

பாப்பாவும் இத்தனை வருடம் வாய் திறக்காமல் போட்டவள்தான்.

சீனிக்கு முகம் மாறியது. "என்னா லா பாப்பா இது? அண்ணனையே சந்தேகப்படுறியா?"

அவள் புத்தகத்தின்மேல் வைத்த கண்ணை எடுக்கவில்லை. கார்த்திகேசுவைப் பார்க்கவும் இல்லை.

அவரை அவளுக்குத் தெரியாதா?

கம்பார் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் அவள் வீட்டார் பால் வெட்டிக்கொண்டிருந்த காலத்தில், அங்கே சங்கச் செயலாளரும் அவர்தான். சம்பளம் போட்ட மறுநாள் சாயங்காலம், காலையில் பெயர் கூப்பிடும் பெரட்டுக் களத்தில் ஆட்கள் கூடுவார்கள். குளித்துவிட்டு வந்திருந்தாலும் எல்லார் மேலும் ரப்பர் பால் வாடை லேசாக அடிக்கும். கார்த்திகேசு ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு, அதன்மேல் ஏறி நின்று சங்கக் கணக்கை உரக்கப் படிப்பார்.

பாதிப் பேருக்குப் படிக்கத் தெரியாது. அதனால் ஒவ்வொரு வரிக்கும் நிறுத்துவார். "கேளுங்க, கேளுங்க" என்பார். யாரும் கேள்வி கேட்காவிட்டால் அவருக்கே கோபம் வந்துவிடும்.

ஒருமுறை, சாவு வீட்டுக்கு மாலை வாங்கிய கணக்கில் யாருக்கோ சந்தேகம் வந்தது. மனுஷர் வாளியிலிருந்து குதித்து இறங்கினார். சைக்கிளில் டவுனுக்குப் போய், பூக்கடைக்காரரையே பின்னால் உட்கார வைத்துக் கூட்டி வந்துவிட்டார். அவர் வரும்வரை ஒருவரும் கலையவில்லை. பாவாடை கட்டிய பாப்பா முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். நாடகம் பார்த்த மாதிரி இருந்தது. அன்றைக்கு எல்லாரும் சிரித்த சிரிப்பு இப்போதும் அவள் காதில் இருக்கிறது.

பிறகு தோட்டத்தை விற்றார்கள். மரங்களைச் சாய்த்து வீடுகள் கட்டினார்கள். கடைசிக் குடும்பத்துக்கு நஷ்டஈடு வரும்வரை நடையாய் நடந்தவர் அவர். பாப்பா ஈப்போவில் வீடு வாங்கக் கட்டிய முன்பணம் அந்தக் காசுதான்.

"வீடு மட்டும் அவரால வேணும்" என்று பின்வரிசையில் கலாதேவி முணுமுணுத்தாள். எல்லாருக்கும் கேட்கும்படியாகத்தான் முணுமுணுத்தாள்.

பாப்பாவுக்குக் கண் கலங்கியது. ஆனாலும் விடவில்லை. சீனி ஏற்கெனவே கையெழுத்துப் போட்டிருந்த தாள்களைக் கிழித்துவிடச் சொன்னாள். இனிமேல் எந்தக் காசோலையும் கூட்டத்தில், எல்லார் முன்னாலும் எழுதப்பட வேண்டும் என்றாள்.

சீனி நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார்.

"உட்காருப்பா" என்றார் கார்த்திகேசு. "சட்டப்படி அவ சொல்றதுதான் சரி."

புத்தகத்தைத் தன் பக்கம் இழுத்து, அந்தத் தாள்களை அவரே ஒவ்வொன்றாகக் கிழித்தார். எழுபது வயதுக்கு மேல், சொந்த ஆட்கள் முன்னால் இப்படி ஓர் அவமானம்.

தீர்மானம் நிறைவேறியது. தே வந்தபோது பாப்பாவின் பக்கம் யாரும் தட்டை நீட்டவில்லை.

கூட்டம் முடிந்ததும் கார்த்திகேசு யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் படி இறங்கினார். பாப்பா ஓடிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். உதறிவிடுவார் என்று நினைத்தாள். உதறவில்லை.

பாதிப் படியில் நின்று அவள் முகத்தைப் பார்த்தார்.

"ஆமா, ராக்காயிக்கா ஏன் இன்னிக்கிக் கூட்டத்துக்கு வரல?"

ராக்காயி பாப்பாவின் அம்மா. இறந்து இரண்டு வருடமாகிறது. பாடையின் முன்பக்கம் தோள் கொடுத்தவர் கார்த்திகேசுதான்.

இதை அவர் கேட்பது இது முதல் தடவை அல்ல. அவளிடம் மட்டும்தான் கேட்டிருந்தார். வேறு யாருக்கும் இன்னும் தெரியாது. போன மாதம் ஒரே சாவுக்கு இரண்டு முறை உதவிப் பணம் கொடுத்திருந்தார். வாங்கிய பெண் நல்லவள், இரண்டாவதைப் பாப்பாவிடம் திருப்பித் தந்துவிட்டாள். அடுத்த தடவை வாங்குகிறவர் எப்படியோ! அப்போது ஊரில் யாரும் அண்ணன் மறந்துவிட்டார் என்று சொல்லமாட்டார்கள். தின்றுவிட்டார் என்பார்கள்.

பாப்பா அவர் கையை இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்தாள்.

"மழை வர்ற மாதிரி இருந்துச்சுண்ணே. நான்தான் அம்மாவ வரவேணாம்னுட்டேன்."

"அதுவும் சரி" என்று தலையாட்டினார் கார்த்திகேசு. அன்றைக்கு முதல் முறையாக அவர் முகத்தில் சிரிப்பு வந்தது. "அவங்க வந்திருந்தா உன்னவிட நல்லாக் கேட்டிருப்பாங்க."