புதன்கிழமை மாடல்

"தம்பி, நான் சொன்னதெண்டு வீட்டிலை போய்ச் சண்டை பிடிக்காதை. உன்ரை மனுசி புதன்கிழமையிலை எங்கை போறவ எண்டு உனக்குத் தெரியுமோ?"

முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்த குலேந்திரன் நிமிர்ந்தான். கேட்டவர் இராசரத்தினம் அண்ணை. டென்மார்க்கின் கோல்டிங் நகரத் தமிழ்ச் சங்கத்தின் முன்னாள் தலைவர். இந்நாள் தலைவர் குலேந்திரன். கடையில் அண்ணை ஒரு விஷயத்தைத் தாழ்ந்த குரலில் சொல்கிறார் என்றால், ஊருக்கெல்லாம் ஏற்கெனவே சொல்லி முடித்துவிட்டார் என்று பொருள்.

"ஏதோ வகுப்புக்கெண்டவ."

"என்ன வகுப்பு?"

அதைக் குலேந்திரன் ஒருநாளும் கேட்டதில்லை.

"துறைமுகப் பக்கம் ஒரு பிரெஞ்சுக்காரி இருக்கிறா. சொலாஞ்ச். சிலை செய்யிறவ. அங்கைதான் போறாவாம்."

"சிலை செய்யிறது குற்றமோ அண்ணை?"

"உடுப்புப் போட்ட சிலை ஒண்டும் அந்த மனுசி இதுவரைக்கும் செய்யேல்லையாம்."

குலேந்திரன் முருங்கைக்காயைப் போட்டுவிட்டுக் காருக்கு வந்து கைபேசியில் தேடினான். சொலாஞ்ச் ஒரு பேட்டியில் சிகரெட்டும் கையுமாக உட்கார்ந்திருந்தார். லியோன் நகரத்து இறைச்சிக் கடைக்காரரின் மகள். உடம்பு என்றால் என்னவென்று கலைக்கல்லூரியில் படிக்கவில்லை, அப்பாவின் கடையில் கொக்கியில் தொங்கிய மாடுகளிடம்தான் படித்தேன் என்றார். ஒரு டேனிஷ் மாலுமியைக் கட்டிக்கொண்டு இங்கே வந்தவர், கொஞ்சக் காலத்தில் மாலுமியைத் துரத்திவிட்டுப் பட்டறையை மட்டும் வைத்துக்கொண்டார். துரத்திய கையோடு அவரையும் வெண்கலத்தில் வார்த்துத் தோட்டத்தில் நிறுத்தினார். கடற்காகங்கள் வந்து உட்கார ஓர் இடம் வேண்டாமா என்று கேட்டார்.

"அழகான உடம்புகளைக் கிரேக்கர்கள் செய்து முடித்துவிட்டார்கள். மிச்சத்தை நான் செய்கிறேன்."

அவருக்குப் பின்னால் ஒரு பஸ் சாரதி, ஒரு பல் வைத்தியர், ஒரு பாதிரியார். எல்லாரும் பிறந்த கோலத்தில் நின்றார்கள். குலேந்திரன் கார்க் கண்ணாடியை இறக்கிவிட்டான்.

இரவுச் சாப்பாட்டில் மெல்லத் தொடங்கினான். "புதன்கிழமையிலை அந்தப் பிரெஞ்சுக்காரி வீட்டையோ போறனீர்?"

"ஓம்," என்றாள் செல்வமலர், சோற்றைப் போட்டபடி. அவள் மறைக்காதது அவனை இன்னும் பயமுறுத்தியது.

"அங்கை என்ன செய்யிறனீர்?"

"களிமண் வேலை."

எந்த மாதிரி வேலை என்று கேட்க வாய் வரவில்லை. "அங்கை குளிராதோ?" என்றான்.

"இல்லை. பெரிய ஹீட்டர் ஒண்டு இருக்கு."

உடுப்பில்லாமல் நிற்பவர்களுக்குத்தானே பெரிய ஹீட்டர் வேண்டும் என்று நினைத்துக் குலேந்திரன் கோப்பையைத் தள்ளி வைத்தான்.

"இஞ்சாருங்கோ, ஞாயிற்றுக்கிழமை அவவின்ரை கண்காட்சி. நீங்களும் வாங்கோ. சங்கத்து ஆக்களுக்கும் சொல்லிப்போட்டன்."

"சங்கத்துக்கோ?"

"ஒரு வருசமாப் பட்ட பாடு. எல்லாரும் பாக்கட்டுமன்."

ஞாயிறு வந்தது. சங்கம் முழுவதும் வந்தது. பொங்கல் விழாவுக்கு வராதவர்கள்கூட வந்திருந்தார்கள். செல்வமலர் பட்டுச் சேலையில் சொலாஞ்சின் பக்கத்தில் நின்று எல்லாருக்கும் கை கொடுத்துக்கொண்டிருந்தாள்.

குலேந்திரன் சிலை சிலையாகப் போனான். முதலாவதில் ஒரு பெண்ணின் முதுகு. சுற்றிப் போய் முகத்தைப் பார்த்தான். டேனிஷ் முகம். மூச்சு வந்தது. அடுத்ததற்குத் தலையே இல்லை. அங்கே நின்றுவிட்டான். தோள், இடுப்பு, முழங்கால். இது செல்வமலரா, இல்லையா? இருபது வருடத்துக்கு மேல் ஒரே வீட்டில் இருந்தும் அவனால் சொல்ல முடியவில்லை. அவளை அவன் ஒழுங்காகப் பார்த்ததே இல்லை. அந்த வெட்கம், பயத்தையும் தாண்டிக்கொண்டு வந்தது.

மண்டபத்தின் கடைசியில், வெள்ளைத் துணியால் மூடி ஒரு சிலை இருந்தது. ஆள் படுத்திருப்பது போன்ற வடிவம். இதுதான் அவள் என்று குலேந்திரனுக்கு உறுதியாகிவிட்டது. கூட்டம் அதைச் சுற்றி நெருங்கியது. இராசரத்தினம் அண்ணை கைபேசியில் வீடியோ எடுக்கத் தொடங்கிவிட்டு அவன் காதருகே வந்தார்.

"தம்பி, இப்பவும் ஒண்டும் கெட்டுப் போகேல்லை. போய் நிப்பாட்டு."

குலேந்திரன் மனைவியைப் பார்த்தான். அவள் முகத்தில் இப்படி ஒரு வெளிச்சத்தை அவன் கல்யாண வீட்டிலும் கண்டதில்லை. அவனுக்குள் ஏதோ ஒன்று நிமிர்ந்துகொண்டது.

"ஏன் நிப்பாட்ட வேணும்?" சங்கம் முழுவதற்கும் கேட்கும்படி சொன்னான். "இது கலை அண்ணை. மனுசரின்ரை உடம்பிலை வெட்கப்பட என்ன கிடக்கு? வடிவாப் பாருங்கோ. எல்லாரும் கிட்ட வந்து பாருங்கோ."

சொல்லிவிட்டு, முதல் ஆளாகக் கை தட்டினான். சங்கமும் தட்டியது. செல்வமலரின் கண் கலங்கிப் போயிற்று.

சொலாஞ்ச் கைத்தடியைத் தரையில் தட்டினார். "இதற்கு என்னைப் பாராட்ட வேண்டாம்," என்றார், பிரெஞ்சு வாடை வீசும் டேனிஷில். "நான் களிமண் மட்டும்தான் கொடுத்தேன். செய்தது என் மாணவி செல்வமலர்."

செல்வமலர் முன்னே வந்து துணியை இழுத்தாள். முழு அளவில், ஒட்டுத்துணி இல்லாமல், வாயைத் திறந்து, தொந்தியை ஒரு பக்கம் சரித்துவிட்டுக் களிமண்ணில் நித்திரை கொண்டிருந்தார் சங்கத் தலைவர் குலேந்திரன்.