ராஜபாயின் முறை

ராஜபாய் வரவில்லை. வேண்டுமென்றேதான் வரவில்லை என்று பொன்னம்மைக்குப் பட்டது.

திருவனந்தபுரம் பாளையத்துக் கத்தோலிக்கக் கோயிலில் நாற்பது மணிநேர ஆராதனை. பீடத்தில் நற்கருணை இருக்கும்வரை ஒருவராவது அதன்முன் முழந்தாளில் இருந்து, நோயாளிகளுக்காகவும் சாகக் கிடப்பவர்களுக்காகவும் மன்றாட வேண்டும். அடுத்த ஆள் வராமல் எழுந்து போகக்கூடாது. 1936ஆம் வருஷத்துக் கர்க்கடக மாச மழை கொட்டிய கொட்டில் கோயிலில் வேறு ஈ காக்கை இல்லை. கோயில்பிள்ளையும் சாப்பிடப் போய்விட்டான்.

பொன்னம்மையின் முறை எப்போதோ முடிந்துவிட்டது. வீட்டில் அவள் புருஷன் சவரிமுத்து விஷக்காய்ச்சலில் கிடந்தார். முந்தின நாளே சுவாமியார் வந்து சாகக் கிடப்பவர்களுக்கான அவஸ்தைப்பூசுதல் கொடுத்துவிட்டுப் போயிருந்தார்.

"உன் முறைய விடாத. எனக்கு வேண்டி அங்க முட்டுப் போடு" என்று சவரிமுத்துதான் வற்புறுத்தி அனுப்பினார்.

"நான் பாத்துக்கிடுதேன் அக்கா. ஆனா மத்தியானம் ஜோலிக்குப் போணும், கேட்டியளா?" என்றிருந்தாள் பக்கத்து வீட்டு விஜயம். இந்நேரம் அவள் போயிருப்பாள்.

அடுத்த முறை ராஜபாய்க்கு. சவரிமுத்துவின் தங்கை. குளச்சல் போயிருந்த தான் திரும்புவதற்குள் தாயை அடக்கம் செய்துவிட்டார் என்று, அன்றோடு அண்ணனிடம் பேச்சை முறித்தவள். கோயிலுக்கு அண்ணன் வீட்டு முன்னால்தான் நடந்து வருவாள். முகத்தை மட்டும் திருப்பிக்கொள்வாள்.

"சுவாமி, இந்நேரம் உயிருக்குப் போராடுத ஆரையும் தனியா விட்டுராதேயும்..." பொன்னம்மை மன்றாட்டை அதோடு நிறுத்தினாள்.

எழுந்தாள். வாசல்வரை ஓடி ஒரு படி இறங்கியும் விட்டாள். மழையில் தெருவே தெரியவில்லை. திரும்பிப் பார்த்தாள். ஆளில்லாத கோயிலில் மெழுகுதிரிகள் மட்டும் எரிந்துகொண்டிருந்தன. பாதியில் விட்டு வந்தேன் என்று புருஷனிடம் எந்த முகத்தோடு சொல்வது?

திரும்பி வந்து முழந்தாளிட்டாள். முந்தானையைப் பல்லில் கடித்துக்கொண்டு அழுதாள்.

வெகுநேரம் கழித்து வாசலில் காலடி கேட்டது. ராஜபாய்தான். கையில் குடை இல்லை. சொட்டச் சொட்ட நனைந்திருந்தாள். முகம் கல்லாக இறுகிக் கிடந்தது.

பொன்னம்மை அவளை மறித்துக்கொண்டு, அடிக்குரலில் சீறினாள். "இப்பதான் மனசு வந்துதா? அங்க உங்க அண்ணன் ஒத்தையில கெடக்காரு. அம்மைக்க விசயத்துக்கு இப்பிடியா பழி வாங்குதது?"

ராஜபாய் ஈர முந்தானையைத் தலைக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டு, பொன்னம்மை இருந்த இடத்திலேயே போய் முழந்தாளிட்டாள்.

பொன்னம்மை வாசலைப் பார்த்து ஓடினாள்.

"ஓடண்டாம் மைனி" என்றாள் ராஜபாய், திரும்பாமலே. "அண்ணன் என் மடியிலதான் கண்ண மூடினாரு."