தகப்பன் பெயர்

மாதந்தோறும் பெயரில்லாமல் காணிக்கை அனுப்புவது யாரென்று ஆடிட்டர் கேட்டார். வருமான வரிக் கணக்குக்குப் பெயர் வேண்டுமாம். சபைப் பொருளாளர் ஞானாபரணம் ஆராதனை முடிந்ததும் நிமிர்ந்து நின்று அறிவித்தார்.

"கொடுக்கிறவங்க பேரைச் சொல்லணும். இப்படியொரு பிள்ளையைப் பெத்தவன் பாக்கியவான்!"

அடுத்த ஞாயிறு ஞானாபரணம் பிரித்த காணிக்கைக் கவருக்குள் பான் அட்டையின் நகல் இருந்தது. எப்சிபா. வேற்றுச் சாதியில் கல்யாணம் செய்துகொண்டதால், செத்துப்போனாள் என்று அவர் ஊரெல்லாம் சொல்லிவைத்திருந்த மகள். அவள் பெயருக்குக் கீழே தகப்பன் பெயராக ஞானாபரணம் என்று அச்சாகியிருந்தது.

"அந்தப் பாக்கியவான் யாருங்கய்யா?" என்று சிரித்தபடி கை நீட்டினார், சபைக்குப் புதிதாய் வந்திருந்த குருவானவர்.

ஞானாபரணம் நகலை நீட்டினார். குருவானவர் மெல்ல இழுத்துப் பார்த்தார். தன் பெயரின் மேல் அழுத்திய கட்டைவிரலை ஞானாபரணத்தால் எடுக்க முடியவில்லை.