பிந்தாவின் மொழிபெயர்ப்பு

“இந்த வீடு ஒழுகுமாம், அம்மா. மழை பெஞ்சா கட்டில் வரைக்கும் தண்ணி வந்துடுமாம்,” என்றாள் பிந்தா.

சீனாவின் குவாங்சோ நகரில் அன்று அவர்கள் பார்க்க வந்த மூன்றாவது வீடு அது. முதல் வீட்டில் எலித்தொல்லை; இரண்டாம் வீட்டில், உரிமையாளரின் மகனுக்குத் திடீர்க் கல்யாணம்.

கினி நாட்டிலிருந்து வந்து பத்து ஆண்டுகள் ஆகியும், விலை கேட்பதற்கு மேல் அம்மா ஹாவாவுக்குச் சீனம் வராது என்பது குடும்பத்தின் நம்பிக்கை. எட்டு வயது பிந்தாவோ சீனப் பள்ளியில் படிப்பவள். வீட்டுக்காரர்களுக்குத் தொலைபேசியில் பேசி நேரம் வாங்கியவளும் அவளே.

கதவைத் திறந்த வீட்டுக்காரம்மா, அவர்களுக்குப் பின்னால் படிக்கட்டில் வேறு யாரையோ தேடினாள். பிறகு ஒரே ஒரு வாக்கியம் சொன்னாள். உள்ளே நுழைவதற்காகக் கழற்றிய செருப்பை, மகள் ‘ஒழுகுமாம்’ என்று சொல்ல வாய் திறக்கும் முன்பே ஹாவா மறுபடி மாட்டிக்கொண்டாள்.

வீட்டுக்காரம்மா இன்னும் ஏதோ சொல்லி, பிந்தாவின் கையில் ஓர் ஆரஞ்சைத் திணித்தாள்.

“என்ன சொல்றாங்க?”

“உன் பாவாடை ரொம்ப அழகா இருக்காம்.”

“நன்றின்னு சொல்லு.”

பிந்தா சொன்னாள். கதவு மூடிக்கொண்டது.

படியிறங்கும்போது பிந்தா ஆரஞ்சை உரித்து, பெரிய பாதியைத் தாய்க்குக் கொடுத்தாள். அது புளித்தது. ஹாவா முழுவதையும் தின்றாள்.

“அடுத்த வீட்டுல பேய் இருக்கும்பாங்க போல.”

பிந்தா சிரிக்கவில்லை. “அடுத்த வீட்டுக்கு நான் மட்டும் மேல போய்ப் பேசிட்டு வரட்டுமா? நீ கீழயே நில்லு. உனக்குக் கால் வலிக்கும்.”

“எட்டு வயசுக்காரிக்கு யாருடி வீடு குடுப்பா?”

கடையில் பிந்தாவின் அப்பா செர்னோ, சொந்த ஊரான கொனாக்ரிக்கு அனுப்ப வேண்டிய கால்சட்டைகளை மூட்டை கட்டிக்கொண்டிருந்தான். நடந்ததைக் கேட்டதும் அவனுக்குப் பொறுமை போயிற்று.

“வெள்ளிக்கிழமைக்குள்ள புது முகவரியைப் போலீஸ்ல பதியலைன்னா விசாவைப் புதுப்பிக்க மாட்டாங்க. இவ படிப்பும் போச்சு. உனக்கு அரண்மனை கேக்குதா? எலி இருந்தா பூனை வளர்ப்போம். ஒழுகினா வாளி வைப்போம். நாளைக்கு நானே போய் முடிச்சுட்டு வரேன்.”

“வேணாம்பா!” பிந்தா குறுக்கே வந்தாள். “அங்க... அங்க படிகூட உடைஞ்சிருக்கு.”

“நீ போய்க் கை கழுவிட்டு வா. சோறு ஆறுது,” என்றாள் ஹாவா.

பின்கட்டில் தண்ணீர் விழும் சத்தம் கேட்கும் வரை அவள் பேசவில்லை.

“எலியும் இல்லை, கல்யாணமும் இல்லை, வீடு ஒழுகவும் இல்லை. ‘கறுப்பங்களுக்கு வீடு கிடையாது’ன்னாங்க. மூணு பேரும்.”

செர்னோவின் கை மூட்டையின் மேல் நின்றது. “குழந்தை சொன்னாளா?”

“அவளா சொல்லுவா? அவ பொறக்கறதுக்கு முன்னாடியே நான் கத்துக்கிட்ட சீனம் அது; எனக்குப் புரியும்னு அவகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க.”