ஆறு மணி ஆள்

"அந்த ஆள் இன்னைக்கும் வந்தானா?" போனில் கேட்டார் முதலாளி பே.

"வந்தாச்சு அண்ணே. காலையில ஆறு மணிக்கு. பத்து நிமிஷம் பார்த்துட்டுப் போயிட்டாரு. சேரல."

தென்கொரியாவின் இன்சியோன் நகரில் ஓர் ஒற்றை அறையில் தனியாக உட்கார்ந்து, இணையப் பந்தயத் தளத்துக்கு ஆள் பிடிக்கும் பக்கத்தைச் செய்கிறவன் கிஹுன். கண்ட எண்ணுக்கெல்லாம் போகும் குறுஞ்செய்தியைத் தட்டினால் அந்தப் பக்கம் திறக்கும். மேலே, 'மூன்று கோடி வோன் ஜெயித்தேன்!' என்று சிரிக்கும் முகம். கீழே, 'சேருங்கள்' பட்டன்.

"நாப்பது நாளா சும்மா பார்த்துட்டுப் போறான்னா உன் பக்கம்தான்டா சரியில்ல. பட்டனைப் பெருசாக்கு."

பெரிதாக்கினான். பச்சையாக்கினான். அந்த ஆள் வந்தார், பார்த்தார், போனார்.

"மூஞ்சியை மாத்து. அழகான பொண்ணாப் போடு."

மாற்றினான்.

மறுநாள் ஆறு மணிக்கு, பக்கத்தின் உரையாடல் பெட்டியில் முதன்முதலாக எழுத்து வந்தது.

"ஐயா, பழைய படத்தையே திரும்பப் போடுவீங்களா? எனக்குப் பந்தயமெல்லாம் வேண்டாம். என் பிள்ளை வீட்டுப் பக்கம் வந்து அஞ்சு வருஷமாச்சு. அதுலதான் தினமும் அவன் முகத்தைப் பார்த்துக்கிட்டிருந்தேன்."

முதலில் பக்கத்துக்குப் படம் இல்லையென்றபோது பே சொன்னது கிஹுனுக்கு ஞாபகம் வந்தது.

"உன் மூஞ்சியையே போடு. உன்னைத் தேடி யார்டா வரப்போறா?"