தாலி மதி

“குட்டிக்கு ரெண்டு மாசமல்லே ஆயுள்ளூ, பிரவினே? சோப்பும் வேண்டா, ஷாம்பூவும் வேண்டா. தாலி மதி.”

கணவனின் போனில் வந்திருந்த அந்தப் பெண் குரலை ஜெபமலர் மூன்றாவது தடவையாகக் கேட்டாள். அனுப்பியவள் பெயர் ரெம்யா. பிரவின்ராஜ் குளியலறைக்குள் பாடிக்கொண்டிருந்தான்.

வள்ளியூரிலிருந்து கரமனைக்குக் குடிவந்த ஆறு மாதத்தில் அவளுக்கு மலையாளம் கொஞ்சம் பிடிபட்டிருந்தது. குட்டி என்றால் இங்கே குழந்தை. மதி என்றால் போதும். தாலிக்கு யாரும் அர்த்தம் சொல்லித் தர வேண்டியதில்லை.

நேற்று அவன் பையில் பச்சைப் பிள்ளைக்குப் போடும் சோப்பையும் ஷாம்பூவையும் பார்த்தபோதே உறுத்தியது. கேட்டதற்கு, “கடையில ஒருத்தர் வாங்கச் சொன்னாரு” என்று மழுப்பினான். இப்போது குட்டு உடைந்துவிட்டது.

கல்யாணமாகி நான்கு வருஷம். அவள் வயிற்றில் ஒரு புழு பூச்சி தங்கவில்லை. எவளோ ஒருத்திக்கு ரெண்டு மாசத்துப் பிள்ளை இருக்கிறது. சோப்பெல்லாம் வேண்டாமாம், தாலி மட்டும் போதுமாம். என்ன தாராள மனசு!

சிவப்பாக இருப்பாளோ, முடி இடுப்புக்குக் கீழே தொங்குமோ என்றெல்லாம் மனம் ஓடியது. கண்ணாடியில் தன்னைப் பார்த்துக்கொண்டவளுக்கு அழுகைதான் வந்தது.

பிரவின்ராஜ் தலையைத் துவட்டியபடி வந்து போனைக் காதில் வைத்துக் கேட்டான். முகம் அப்படியே மலர்ந்துபோனது.

“ஒரு சின்ன ஜோலி இருக்குட்டி. வரும்போது ஒனக்கு ஒண்ணு கொண்டாறேன்.”

வாயை அடைக்க எதையோ வாங்கி வருவான் என்று நினைத்துக்கொண்டாள். அவன் தலை மறைந்ததும் அலமாரியைத் திறந்து சேலைகளைப் பையில் திணித்தாள். வள்ளியூருக்கு பஸ் இல்லாமலா போய்விடும்?

பையோடு வாசலுக்கு வந்தபோது செம்பருத்திச் செடி கண்ணில் பட்டது. பூ ஒன்றுகூடக் குறையவில்லை, இலைகளில் பாதியைத்தான் காணோம். எந்த ஆடு மேய்ந்ததோ என்று கவலைப்படும் நிலையில் அவள் இல்லை.

அதற்குள் பிரவின்ராஜ் திரும்பி வந்துவிட்டான். கையில் ஓர் அட்டைப்பெட்டி, அதற்குள் ஒரு துண்டுச் சுருள். துண்டுக்குள்ளிருந்து மெல்லிய முனகல் கேட்டது.

ஜெபமலர் பையைக் கீழே போட்டாள். பிள்ளையையே தூக்கிக்கொண்டு வந்துவிட்டான்.

“அவளுக்குத் தாலி கட்டியாச்சா?”

“யாருக்குட்டி?”

“ரெம்யாவுக்கு. போன்ல எல்லாம் கேட்டேன். தாலி போதும்னு சொல்லுதாளே.” கழுத்துத் தாலியை வெளியே எடுத்துப் பிடித்தாள். “புதுசு எதுக்கு? இதையே கொண்டுபோய்க் கட்டுங்க.”

அவன் திருதிருவென்று முழித்தான். பிறகு விஷயம் விளங்க, பெட்டியைக் கீழே வைத்துவிட்டுச் செம்பருத்தி இலைகளைப் பறித்து வாளித் தண்ணீரில் போட்டுக் கசக்கினான். வழவழவென்று பச்சையாக நுரை வந்தது.

“இதுக்கு இங்க பேரு தாளி. போகும்போது பறிச்சிட்டுப் போனதும் இதத்தான். தாலி இல்லட்டி, தாளி. சோப்புப் போட்டா பிஞ்சுத் தோலு பொரிஞ்சிரும், இந்த இலைச்சாத்துலயே குளிப்பாட்டுன்னு ரெம்யா டாக்டரம்மா சொல்லுதாவ.”

டாக்டர் என்றதும் ஜெபமலரின் கை தாலியை விட்டது. ஆனால் பெட்டிக்குள் முனகல் நிற்கவில்லை. அவள் வயிற்றெரிச்சலும் நிற்கவில்லை.

“தாளியோ தாலியோ, அது கெடக்கட்டும். இந்தக் குட்டிக்கு அப்பன் யாரு? அதச் சொல்லுங்க மொதல்ல.”

பிரவின்ராஜ் துண்டை விலக்கிக்கொண்டே சொன்னான்:

“கரமனையில சுத்துத ஏதாவது ஒரு தெருநாயா இருக்கும்ட்டி.”